மோட்டார் சுவிட்சும் அப்பாவின் சட்டைப் பையும்

இன்றோடு முப்பது நாள் ஆகிறது. "அப்பா இருந்தார்" என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அன்று காலை எட்டு மணிக்கு என்னோடு போனில் சிரித்துப் பேசியவர், பத்தரை மணிக்கு இல்லை. இதை எப்படி நம்புவது? திகைப்பு இன்னும் தெளியவில்லை. ஆனாலும் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதால், மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா பரமத்தி வேலூர் அருகே, வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் சீக்கிரமே காலமாக, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார், மாடி வீடும் கட்டினார். பார்வை மங்கி வேலையை விட்ட பிறகு அவருக்குப் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்தது. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டிலுள்ள மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ஃபேன் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுவார். ஒருமுறை அவர் மாட்டிய ஃபேன் காற்றை மேலே தள்ளியது. "மேல ஒட்டடை சேராது சாமி, நல்லதுதான!" என்று சமாளித்தார்.

கிறுக்குத்தான், ஆனால் கவனமான கிறுக்கு. பட்டறையில் ஒருவர் மெஷினைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டதை அப்பா கண்ணால் பார்த்தவர். அதனால் ஒயரில் கை வைக்கும் முன்பு, போர்டைத் திறந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "கட்டை எம் பையில இருக்கற வரைக்கும் எவன் சுவிட்சு போட்டா எனக்கென்ன?" என்பார். ஒருநாள் அந்தக் கட்டையோடே ராசிபுரத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். "ஏனுங்க, கரண்ட்டையே பையில எடுத்துட்டுப் போயிட்டீங்களா? மாவு பாதியில நிக்குதுங்க!" என்று அம்மா போனில் போட்ட சத்தம் பந்தி வரைக்கும் கேட்டதாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிப்படி ஏறி இறங்க முடியவில்லை. தண்ணீர் நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்சை வாங்கித் தொட்டியில் மாட்ட அப்பா முடிவு செய்தார். "இன்னைக்கு முடிச்சர்றேன் சாமி. இனி உங்கம்மா படி ஏற வேண்டியதில்ல." என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய அம்மாவுக்கு, அப்பா மாடியில் இருப்பது தெரியாது. குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்சைப் போட்டார். அதே நொடியில் மாடியில் தொப்பென்று சத்தம்.

மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார். யார் கேட்டார்கள்? "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கரண்ட்டுதான் அடிச்சிருக்கும்." இழவுக்கு வந்த நீங்கள் அம்மாவின் காதுபடவே பேசினீர்கள். மோட்டார் பக்கம் யாரும் போகக்கூடாது என்றும் சொன்னீர்கள். அம்மா அழவில்லை. "நாந்தான் போட்டேன், நாந்தான் கொன்னேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதன்பிறகு அவர் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. விளக்கைக்கூட வேறு யாராவதுதான் போடவேண்டும். அப்பா போனார், அம்மாவும் போய்விடுவாரோ என்று பயந்து செத்தேன்.

கருமாதிக்கு முதல் நாள், அப்பா அன்று போட்டிருந்த துணிகளை மருத்துவமனையில் கட்டிக் கொடுத்த மூட்டையைப் பரமத்தி வேலூர்க் காவிரியில் விடச் சொன்னார்கள். அவிழ்க்காமல் அப்படியே விடவேண்டும் என்றார்கள். மனசு கேட்கவில்லை. ஒருமுறை அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அவிழ்த்தேன். சட்டைப் பையில் ஏதோ கனமாக இருந்தது. உள்ளே கை விட்டால், வெள்ளைப் பீங்கான்! நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஓடிப்போய் மோட்டார் போர்டைத் திறந்தோம். கட்டை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அம்மா சுவிட்சைப் போட்டபோது அந்த ஒயரில் கரண்டே இல்லை.

அம்மாவின் உள்ளங்கையில் அதை வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான், பன்னிரண்டு நாள் கழித்து, வாய்விட்டு அழுதார்.

அப்பாவைத் தோளில் போட்டு மாடியிலிருந்து இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணனை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கும், ஒரு மாதமாக எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். உறவுகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி யாரும் "கரண்ட்டு அடிச்சு" என்று சொல்லாதீர்கள்.

நேற்று அந்த அண்ணன் மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். "அப்பா வேலைய முடிச்சுட்டாருங்க. ஒரு திருகாணிகூட பாக்கியில்ல" என்றார். கட்டையைப் போர்டில் மாட்டினோம். யாரும் சொல்லாமலே அம்மா எழுந்து வந்து சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி நாங்கள் மூவரும் நின்றோம். தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றது.

அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்து, "நின்னுருச்சுங்க" என்றார்.