காங்கேயத்தில் கை நனைக்காத மதியம்

காலை ஒன்பதே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் நானும் தம்பி பிரபுவும் காங்கேயம் வண்டி ஏறினோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம். அவனுக்காக நான் பெண் பார்க்கப் போகும் நான்காவது ஊர். ஏறும்போதே அலுப்பாக இருந்தது. முதல் மூன்று பெண்களும் அம்மா பார்த்தவர்கள். நான்காமவள் நித்யா அவனே பார்த்தவள், வேறு சாதி. அப்பாவும் அம்மாவும் வர மறுத்து என்னை அனுப்பிவிட்டார்கள்.

"அங்க கை மட்டும் நனைச்சுப்போடாத கண்ணு" என்று சொல்லித்தான் அனுப்பினாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் சோறு சாப்பிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். இஷ்டமில்லையென்றால் காப்பியோடு எழுந்துவிட வேண்டும்.

சூலூர் தாண்டியதும் பிரபு ஒரு ஜப்பான் காமிக்ஸை நீட்டினான். பீளமேட்டில் காலேஜ் படித்த காலத்தில் அவனும் நித்யாவும் அதன் பதினாறு பாகங்களையும் மாற்றி மாற்றிப் படித்துத்தான் பழகியிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடப் பெண், வாய் திறக்காத பையன் ஒருவனுக்குத் தினமும் சமைத்து டப்பாவில் கட்டிக்கொடுக்கிறாள். கதை அவ்வளவுதான்.

நடத்துனர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, புஸ்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கறீங்க?"

"ஜப்பான்காரங்க புஸ்தகம் அப்படித்தானுங்க."

"முடிவு மொதல்லயே தெரிஞ்சுபோயிருமுங்களே!"

முதல் அத்தியாயத்திலேயே பையன் டப்பாவைக் காலி செய்துவிடுகிறான். எங்கள் ஊராக இருந்தால் அங்கேயே கல்யாணப் பத்திரிகை அடித்திருப்பார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு நித்யா வீடு. வாசலை ஒட்டிய களத்தில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளேயிருந்து அரிசிம்பருப்புச் சாதம் தாளிக்கும் வாசனை. எனக்கோ கொலைப்பசி.

நித்யாவின் அப்பா காப்பியை நகர்த்தி வைத்தார். "சாப்பிட உக்காருங்கன்னு சொல்லோணும்னு ஆசைதானுங்க. ஆனா உங்க ஊட்டுல சங்கடப்படுவாங்க. கேட்டுப்போட்டே சொல்லுங்க, நாங்க காத்திருக்கறோம்."

இதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் தேவலை. கதவருகே நின்ற நித்யா என் முகத்தையே பார்த்தாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது நித்யா பிரபு கையில் ஒரு டப்பாவைத் திணித்தாள். "பஸ்ல பசிக்குமுங்க அக்கா."

மதியம் ஒன்றரை மணி வண்டியில் திரும்பினோம். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பிரபு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். பல்லடம் நெருங்கும்போது பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆள். எனக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவை வாங்கித் திறந்தேன். பருப்புச் சாதத்தை அந்தக் காமிக்ஸில் வருவதுபோல முக்கோணமாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் வாழையிலைத் துண்டு சுற்றியிருந்தாள். ஜப்பான் உருவம், எங்கள் ஊர்ச் சோறு. ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். நான் இரண்டு தின்றேன்.

விரலில் பருக்கை ஒட்டியிருக்கும்போதே அம்மாவின் போன். "என்ன கண்ணு, கை நனைக்கலையில்ல?"

பேருந்தில் தின்றது கணக்கில் வராது என்று நழுவியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தெம்பில்லை. இன்னொரு ஊர், இன்னொரு காப்பி என்று அலைய இனி முடியாது.

"நனைச்சுப்போட்டேம்மா. அவனும்தான்."

பிரபு சட்டென்று திரும்பினான். அம்மா, என்னைவிடக் களைத்துப்போன குரலில் கேட்டாள்:

"உப்பெல்லாம் செரியாப் போட்டிருந்துச்சா, அந்தப் புள்ள?"