முன்னால் போன ஆள்

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஊரில் நியாயம் கிடைப்பதில்லை என்று நான் ஆரம்பித்தால் போதும், என் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுவார்கள். கணவருக்கு அடுப்படியில் திடீரென்று வேலை வந்துவிடும். மகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். அவர்களைக் குறை சொல்லமுடியாது. டாக்சிக் கதவு என் முகத்துக்கு நேரே திறந்த கதையையும், நடைபாதையில் மணியடித்தால் முறைப்பு, அடிக்காவிட்டால் திட்டு என்ற புலம்பலையும் வருடக்கணக்காகக் கேட்டவர்கள். இது பற்றிச் செய்தித்தாளின் வாசகர் பக்கத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று வெளிவந்தது, காரசாரமான பாதியை வெட்டிவிட்டு.

ஒருமுறை கிளமெண்டியில், இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய பாலத்தில் ஓட்டினேன் என்று ஓர் அதிகாரி என்னை நிறுத்தினார். பலகை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். அந்தப் பலகையை மரக்கிளை மறைத்திருந்ததை அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். கடைசியில் அவரே சலித்துப்போய் என்னை அனுப்பிவைத்தார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. இதையெல்லாம் சொல்வது, போலீஸைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான் இல்லை என்பதற்காகத்தான்.

என் பிழைப்பும் வாயால்தான். நான் உரைபெயர்ப்பாளர். மருத்துவமனையிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ தமிழ் மட்டும் பேசுகிறவருக்கும் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்கிற வேலை. ஒன்றும் சேர்க்கக்கூடாது, ஒன்றும் விடக்கூடாது. முதுகு வலிக்காரர் "எனக்கு வலிக்குது" என்றால் நானும் "எனக்கு வலிக்கிறது" என்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொன்னால் தொழில் தெரியாதவள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இப்படிப் பிறத்தியாருடைய 'நான்'களைச் சொல்லிப் பழகிவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எனக்கென்று ஒரு வார்த்தை கிடையாது.

வீடு ஜாலான் புசாரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க மடக்கு சைக்கிளில் போவது வழக்கம். அன்று திரும்பும்போது பெரிய சாலையில் லாரி ஒன்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் வேறு. பக்கத்தில் ஒரு சந்து, ஒருவழிப் பாதை, நான் போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போயிருக்கலாம். போகவில்லை. வண்டி ஒன்றும் வரவில்லை, சந்து நடுவில் வளைந்து அந்தப் பக்கம் முடிந்துவிடும், இவ்வளவு தூரத்துக்கு யார் இறங்குவது என்று ஏறி மிதித்துவிட்டேன்.

வளைவு தாண்டிச் சந்து முடியும் இடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இளையவர் கையைக் காட்டி நிறுத்தினார். வெயிலில் காது சிவந்துபோன, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன். "மேடம், இது ஒருவழி" என்றார் ஆங்கிலத்தில். தெரியும், என்மேல்தான் தவறு, லாரியைத் தாண்ட முடியவில்லை, மன்னிக்கவேண்டும் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டும், எந்த இடத்தில் லேசாகச் சிரிக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர் என் தலைக்கவசத்தைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பையில் இருந்த முருங்கைக்காயையும் பார்த்தார். "இன்றைக்கு அறிவுரையோடு விடுகிறேன், மேடம். அடுத்த முறை இறங்கித் தள்ளுங்கள்" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

அப்போதுதான் வளைவிலிருந்து இன்னொரு சைக்கிள் வந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், கட்டுமான நிறுவனத்தின் பெயர் அச்சடித்த சட்டை போட்டிருந்தார். பின்னால் அரிசி மூட்டை, கைப்பிடியின் இரண்டு பக்கமும் வெங்காயமும் தேங்காயும். பாரத்தில் சைக்கிள் மெல்ல ஆடி ஆடி வந்தது. போலீஸ்காரரைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். இளைய போலீஸ்காரர் அவரை "பாஸ்" என்று கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவருக்குப் பாதிதான் புரிந்தது. "தமிழ், தமிழ்" என்றார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்கள் கொஞ்சம் உதவமுடியுமா?"

முடியும் என்றேன். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு இருவருக்கும் நடுவில், வழக்கமாக நிற்பதுபோல ஒரு எட்டு பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ஏன் எதிர்த்திசையில் ஓட்டி வந்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"எப்பவும் தள்ளிட்டுத்தான் சார் போவேன்" என்றார் அவர். "மூட்டையக் கட்டிக்கிட்டு நின்னேன். முன்னாடி ஒரு ஆளு ஏறிப் போனாங்க. இங்க விடுவாங்க போலன்னு நானும் வந்துட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. சந்தில் நுழையும்போது ஓரமாக யாரோ குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. போலீஸ்காரரின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். என் சிவப்புத் தலைக்கவசத்தை அடையாளம் தெரியாமல் இருந்திருக்காது.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை.

"எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார் போலீஸ்காரர், கோபமில்லாமல். "அந்த ஆள் எங்கே?"

தமிழில் கேட்டேன். "அந்த ஆள் எங்கே?"

"தெரியல சார். போயிட்டாங்க."

எனக்குத் தெரியாது, அந்த ஆள் போய்விட்டார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாயால், என் குரலில், நல்ல தெளிவான உச்சரிப்பில்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இவ்வளவு பாரத்தோடு எதிர்த்திசையில் வருவது ஆபத்து, கார் வந்தால் ஒதுங்கமுடியாது, அதனால் அபராதம் கட்டச் சொல்லிச் சம்மன் எழுதவேண்டியிருக்கிறது என்று போலீஸ்காரர் விளக்கினார். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிடமுடியாது. ஆனால் நானும் அதே சந்தில் அதே எதிர்த்திசையில் வந்தவள்தான். எனக்கு மேடம், அறிவுரை. அவருக்கு பாஸ், சம்மன். அவர் தன் வேலை பெர்மிட் அட்டையை எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அடுத்த மாசம் எனக்கு பெர்மிட் ரினியூ பண்ணணும். போலீஸ் பேப்பர் இருந்தா ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்களா?"

நான் அதையும் ஆங்கிலமாக்கி போலீஸ்காரரிடம் கேட்டேன். அது வேறு துறை, தனக்குத் தெரியாது, இதற்கெல்லாம் அனுப்பமாட்டார்கள் என்று நினைப்பதாகச் சொன்னார். "நினைப்பதாக" என்ற வார்த்தையை நான் விடாமல் தமிழில் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவரிடம் சொன்னதெல்லாம் என் தொலைபேசி எண் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் அடுப்படியிலிருந்து ஓடவில்லை, முழுவதையும் கேட்டார். "நீ மொழிபெயர்க்கத்தானே நின்ன, சாட்சி சொல்ல இல்லையே லா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் அந்தச் சந்திலிருந்து வீடு வரைக்கும் நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். தொழில் விதி, தொழில் விதி என்று. சாலையில் எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? யார் என்னைச் சத்தியப்பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள்? பயந்துபோய் நாற்காலி இல்லாத இடத்தில் நானே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அந்த அரிசி மூட்டைக்காரரிடமிருந்து குரல் செய்தி வந்தது. கூடத் தங்கியிருப்பவர்கள் அறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். ஒன்றும் ஆகாது என்று ஒருவர், போன வருடம் ஒருத்தனை இதற்காகவே அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொருவர். ஊரில் வீடு பாதி கட்டி நிற்கிறது, இப்போது திரும்பிப் போனால் கூரை போடமுடியாது என்றார். புதுக்கோட்டைப் பக்கம். நான்கு பேருக்குப் போன் செய்து விசாரித்தேன். பெர்மிட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உறுதியாகச் சொல்ல ஒருவர்கூடத் தயாராக இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து போலீஸுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். முன்னால் போன ஆள் நான். நான் போனதைப் பார்த்துத்தான் அவர் வந்தார். என் முன்னிலையிலேயே அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார். எனக்கு அறிவுரை போதுமென்றால் அவருக்கும் அது போதும். அவருக்குச் சம்மன் என்றால் எனக்கும் ஒன்று தாருங்கள். வாசகர் பக்கத்துக்கு எழுதிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இதுதான் நல்ல கடிதம் என்று எனக்கே ஒரு கர்வம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கியிருந்த கடைவீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் சந்தித்தோம். கடிதத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அன்னிக்கே கட்டிட்டேன்க்கா" என்றார். "மெஷின்ல போய்க் கட்டிட்டு வந்துதான் சமைச்சோம். கட்டாம வெச்சிருந்தா ராத்திரி தூக்கம் வராது."

கட்டியாகிவிட்டால் கதை முடிந்தது, மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அது எனக்குத் தெரியும். அவரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

"என்னத்தான் பாத்தீங்கன்னு அங்கேயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்களக் கைகாட்டி என்னக்கா ஆகப்போவுது? எனக்கு எப்படியும் எழுதியிருப்பாரு. உங்களையும் சேத்து மாட்டிவிட்டா நல்லாவா இருக்கும்?" அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். குற்றம் சாட்டுவதுபோலச் சொல்லவில்லை. பஸ் வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னார். நான் காப்பியைக் குடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

கடிதத்தை அனுப்பவேண்டாம் என்றார் அவர். பெர்மிட் வருகிற வரைக்கும் தன் பெயர் எந்தப் பேப்பரிலும் போகவேண்டாம் என்றார். அதனால் அவரைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டேன். இந்த நாளில், இந்தச் சந்தில், எதிர்த்திசையில் ஓட்டினேன், எனக்கு அறிவுரை மட்டும் கிடைத்தது, மற்றவர்களுக்கு உள்ள தண்டனையை எனக்கும் கொடுங்கள் என்று என் பெயரிலேயே அனுப்பினேன். மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து அவர் போன் செய்தார். பெர்மிட் வந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடம். குரலிலேயே தெரிந்தது. வீட்டுக்குச் சொல்லிவிட்டாராம், அறையில் பிரியாணி செய்கிறார்களாம். எனக்கும் மூச்சு வந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் கேட்டார்.

"நீங்க எழுதுனதுக்குப் பதில் வந்துச்சாக்கா?"

வந்திருந்தது, இரண்டு நாளைக்கு முன்பே. மேசைமேல்தான் கிடந்தது. மதிப்பிற்குரிய மேடம் என்று தொடங்கி, பொறுப்புணர்வோடு தாமாகவே முன்வந்து எழுதியதற்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அதிகாரி எடுத்த முடிவே போதுமானது, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, பாதுகாப்பாக ஓட்டுங்கள் என்று நான்கே வரி.

"எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க, தம்பி" என்றேன். "சம்மன் கிடையாதாம்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. சிரிப்பார், அல்லது குத்தலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நல்லதுக்கா" என்றார் அவர். "நம்மள்ல ஒருத்தராச்சும் தப்பிச்சோமே."

மனதாரத்தான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.