சுவரில் எழுதியும் விற்காத பல்பொடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிஷிவந்தியம் கோயிலில் பாட வருகிற பிள்ளைகளுக்கு, உங்களோடு பாடுகிற தனத்தின் அப்பா எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் தனத்திடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாகப் பல்பொடி இருந்தது. வாங்க ஆள் இல்லை. இதுதான் என் கஷ்டம். பல்பொடிதானே என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த மூட்டைக்குள்தான் எங்கள் சோறு இருந்தது. தனத்தின் படிப்பும் அவள் தம்பியின் படிப்பும் இருந்தது. பொங்கலுக்குள் விற்காவிட்டால் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வருகிறேன் என்று ஒரு மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அங்கே போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். சிலேட்டுப் பிடித்த கை செங்கல் பிடித்தது. திரும்ப சிலேட்டுப் பக்கம் போகவே இல்லை.

குத்தகைக்கு உழுத நிலத்தை நிலக்காரர் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகு நான் ஆரம்பித்த தொழில் அது. கல்வராயன் மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை. வெள்ளிமலைப் பக்கம் போய் மலை ஜனங்களிடம் வாங்கி வருவேன். கொட்டையை நீக்கி, வேப்பம்பட்டை, கிராம்பு, உப்பு சேர்த்து என் வீட்டுக்காரி பச்சையம்மாள் உரலில் இடிப்பாள். துணியில் சலிப்பாள். நல்ல பொடி. ஈறில் ரத்தம் வந்தால் நிற்கும். நம் கோயில் ஈஸ்வரன் பேரையே வைத்து ‘அர்த்தநாரி பல்பொடி’ என்று பொட்டலம் போட்டோம். ஆனால் அது நல்ல பொடி என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மளிகைக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி பொட்டலத்தைத் தொடக்கூட இல்லை.

“ரேடியோல இது பேரு வருதா? சினிமா கொட்டாயில ஸ்லைடு போடறாங்களா?”

“இல்லீங்க மொதலாளி. ஒரு தடவ வச்சிப் பாருங்க.”

“பேரே இல்லாத பொடிய வச்சி நான் இன்னா பண்றது? நானே தெனம் வெளக்கினு இருக்கறதா? மொதல்ல ஜனங்க வாயில பேரு வரட்டும், போப்பா.”

ஜனங்கள் வாயில் பேர் வருவதற்கு என்ன செய்வது? ரேடியோவுக்கும் ஸ்லைடுக்கும் என்னால் ஆகாது. நோட்டீஸ் அடித்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தேன். வாங்கியவர்கள் பத்தடி போய்க் கீழே போட்டார்கள். அதைப் பொறுக்கி ஒருவர் வேர்க்கடலை மடித்து விற்றார். என் விளம்பரத்தில் லாபம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகுதான் சுவரில் எழுதலாம் என்று ஏழுமலையைப் பிடித்தேன். ஏழுமலை சுவர் எழுத்துக்காரர். கூலி கம்மியாக வாங்குவார். எழுத்து அழகாக இருக்கும். கடைசி எழுத்துக்குக் கீழே பாம்பு வால் மாதிரி ஒரு சுழி போடுவார். எங்கள் ரோட்டோரம் நல்ல நல்ல சுவர்களாகப் பார்த்து நீலத்தில் எழுதிக்கொடுத்தார். “பல் வலியா? அர்த்தநாரி பல்பொடி.” அதற்குக் கீழே என் பேரும் ஊரும். சைக்கிளில் போகும்போது என் பேரை நானே படித்துக்கொண்டு போனேன். இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறியல் செய்வார்கள். பஸ் ஓடாது. போலீஸ் வேன் மட்டும் ஓடும். உயிர்களும் போயின. குடிசைகளும் எரிந்தன. இந்தத் தெருக்காரர் அந்தத் தெரு வழியாகப் போக மாட்டார். அப்படி ஒரு காலம்.

என் சுவர்களை எழுதி முடித்த ஏழுமலை, மிச்சமிருந்த அதே நீலத்தில், பக்கத்துச் சுவர்களில் போராட்டக்காரர்களுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அதே கை. அதே பாம்பு வால்.

மறியல் முடிந்த வாரம் காலையில் போலீஸ் வந்தது. போராட்ட எழுத்துக்குக் கீழே யார் பேரும் இல்லை. என் எழுத்துக்குக் கீழே என் பேர் இருந்ததே.

“யோவ், இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒரே கை. எழுதனவன் எங்க?”

“தெரியாதுங்க ஐயா. ஊர்ல இல்லீங்க.”

“எழுதச் சொன்னவனுக்குத் தெரியாதா? ஏறு வண்டியில.”

ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாயா மொதலாளி, உன் வெளம்பரத்தப் பாத்து மொதல்ல தேடிக்கினு வந்தது நாங்கதான்!” எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயங்காலம் விட்டார்கள். விடும்போது ஒரு உத்தரவு போட்டார்கள். அந்த எழுத்து, இந்த எழுத்து, எல்லாவற்றையும் நானே சுண்ணாம்பு அடித்து அழிக்க வேண்டும்.

அழித்தேன். என் கையாலேயே ஈஸ்வரன் பேரை அழித்தேன். பச்சையம்மாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அதோடு போகவில்லை. போலீஸ் பிடித்துப் போனதால் ஒரு தெருவில் நான் மறியல்காரன் ஆனேன். எழுத்தை அழித்ததால் இன்னொரு தெருவில் போலீசுக்குப் பயந்து துரோகம் செய்தவன் ஆனேன். இரண்டு பக்கமும் என் பொட்டலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. ஓலை ஒழுகி மூட்டையில் ஈரம் ஏறியது. அடுப்படியில் சாக்கை விரித்துப் பொடியைக் காயவைத்தோம். பிள்ளைகள் அந்தப் பொடிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு பாடம் படித்தார்கள். அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் மழையில் நின்றேன். அப்போது என் மனதில் வந்த நினைப்பை உங்களுக்கு எழுத மாட்டேன்.

கார்த்திகை சோமவாரத்தன்று கோயிலுக்குப் போனேன். தேன் அபிஷேகம் நடந்தது. லிங்கத்தின் மேல் தேன் வழியும்போது அம்மன் உருவம் தெரியும் அல்லவா, எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்து “தெரியுது, தெரியுது” என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். அம்மையும் என்னைக் கைவிட்டாள் என்று நினைத்து உடைந்துபோனேன். தூணைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன்.

“அம்மையப்பா, உன் பேரை எழுதினேன், அதையும் அழித்துவிட்டேன். இனி எனக்கு நோட்டீஸ் வேண்டாம். சுவர் வேண்டாம். இது நல்ல பொடி என்று சொல்ல ஒரே ஒரு வாயைக் கொடு. இல்லையென்றால் என் பிள்ளைகள் செங்கல் சுமப்பதைப் பார்க்கும் கண்ணை எடுத்துக்கொள்.”

ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் நடக்கவில்லை. மார்கழி வந்தது. மேஸ்திரி வந்து, “பொங்கல் முடிஞ்ச ஒடனே லாரி வந்துடும். துணிமணி கட்டி வச்சிக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தனம் தன் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவைக்கப் போனாள். பிள்ளைகளே, அன்றைக்கு நான் விளக்கைக்கூட ஏற்றவில்லை.

அந்தச் சமயத்தில் பச்சையம்மாளின் தம்பி கண்ணுசாமி வந்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குக் கரும்பு வெட்டிக் கொண்டுவர அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. இரண்டாவது மாட்டு வண்டிக்கு ஆள் இல்லை. கலவரத்துக்குப் பயந்து யாரும் வரவில்லை.

“மாமா, ஒரு வண்டிய நீ ஓட்டிக்கினு வா. வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற?”

கிளம்பும்போது பச்சையம்மாள் ஒரு கோணி நிறையப் பொடியை வண்டியில் ஏற்றினாள். “மில்லாண்ட கடைங்க இருக்கும். கேட்டுப் பாரு” என்றாள். 

போய்ச் சேர்ந்து வண்டியை வரிசையில் விட்டோம். மறுநாளே இன்னொரு மறியல். ரோடு இரண்டு பக்கமும் அடைபட்டது. மில் ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. எடை மேடையில் வண்டி நகரவில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கடைகளும் மூடிவிட்டன. கரும்பு காய்கிறதே என்று எல்லோரும் தவித்தார்கள். கடைசி வாசலையும் அடைத்துவிட்டாயே ஈஸ்வரா என்று நான் கோணி மேல் தலையை வைத்துப் படுத்தேன்.

விடிந்தது. அத்தனை வண்டிக்காரர்களும் பல் விளக்க வேண்டுமே. அங்கே நின்ற வேப்ப மரங்களில் கை எட்டுகிற உயரத்துக்கு ஒரு குச்சி இல்லை. முன்னால் வந்தவர்கள் ஒடித்துவிட்டார்கள். ஒருவர் செங்கல்லை இடித்துத் தேய்த்தார். ஒருவர் அடுப்புக்கரி. எங்களுக்கு முன்வண்டிக்காரர் மாரிமுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். அவருக்கு ஒரு கன்னம் வீங்கிப் பலாக்காய் மாதிரி இருந்தது. விடிய விடிய முனகியவர். என்னிடம் வந்தார்.

“ஏம்பா, கோணியில இன்னா, மாவா?”

“பல்பொடிங்க.”

“அடப்பாவி! இங்க ஒருத்தனுக்குப் பல்லு வலியில உசுரு போவுது, நீ பொடி மேல தலய வச்சிப் படுத்துக்கினு இருக்கியா? கொட்டுய்யா கையில.”

காசு கேட்க வாய் வந்தது. அவர் கன்னத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினேன். தேய்த்தார். துப்பினார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார்.

“டேய், செங்கல்லத் தின்னது போதும், இங்க வாங்கடா! ஒத்த வெளக்குல வலி கம்மியாயிடுச்சி!”

வந்தார்கள். கை கையாக நீண்டது. கண்ணுசாமி என் தோளைப் பிடித்து இழுத்தான்.

“மாமா, இன்னா பண்ற? அக்கா விக்கறதுக்குக் குடுத்துது, தானம் பண்றதுக்கா? என்னத் தோல உரிச்சிடும்!”

எங்கள் ரோட்டுக்காரர் ஒருவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “இவன் போலீசுக்குச் சொவுரு அழிச்சவன்.” அவருக்குப் பின்னால் நின்றவர், “இல்ல, இவன் மறியல்காரன்” என்றார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். மாரிமுத்து நடுவில் வந்தார்.

“மொதல்ல ரெண்டு பேரும் வெளக்குங்கடா. நாத்த வாயோட இன்னா சண்ட? வெளக்கிட்டுப் போடுங்க!”

கூட்டம் சிரித்தது. அந்த இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் கையை நீட்டினார்கள். ஒரே தொட்டித் தண்ணீரில், பக்கத்தில் பக்கத்தில் நின்று கொப்பளித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மையப்பனிடம் ஒரு வாய் கேட்டேன். எத்தனை ஊர் வாயை என் முன்னால் நிறுத்தியிருக்கிறான்! அன்றைக்கும் கொடுத்தேன், ரோடு திறக்கிற வரைக்கும் தினம் கொடுத்தேன். பேரும் ஊரும் சொல்லிக் கொடுத்தேன். கோணி காலியானது. வரிசை நகர்ந்தது. வண்டிகள் இறக்கிவிட்டு அவரவர் ஊருக்குப் போயின.

வெறுங்கோணியோடு வந்த என்னைப் பச்சையம்மாள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. மறுபடி ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்டது வீண் ஆசையோ என்று பயந்தேன். துணிமணிகளைக் கட்டினோம்.

பொங்கலுக்கு முந்தின நாள். பச்சையம்மாள் பொங்கல் பானைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி மளிகைக் கடையிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தார். முதலாளி உடனே வரச் சொன்னாராம். போனேன்.

“ஏம்பா, மறியல் பொடி இருக்குதா, மறியல் பொடி இருக்குதான்னு நாலா பக்கத்து ஜனமும் கேட்டுக்கினு வர்றாங்க. அது இன்னா பொடிடான்னு விசாரிச்சா உன் பேரச் சொல்றாங்க.”

“ஐயோ, அந்தப் பேர் வேணாங்க மொதலாளி. மறுபடி ஸ்டேஷனுக்கு இழுத்துடுவாங்க.”

“பேரு நீயா வச்ச? ஜனங்க வச்சிட்டாங்க. பொட்டலத்துல நீ இன்னாவேணா போட்டுக்க. வூட்ல இருக்கறத அத்தினியும் எடுத்துனு வா.”

கடை வாசலிலேயே விழுந்து ரிஷிவந்தியம் இருக்கிற திசையைக் கும்பிட்டேன். முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

பொங்கல் முடிந்து லாரி வந்தது. மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். லாரி போன பிறகு தனம் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து தன் புத்தகங்களை வாங்கி வந்தாள். பச்சையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். கட்டின மூட்டையை நான் அவிழ்த்தேன்.

பிள்ளைகளே, என் பொடி விற்பதற்காகத்தான் மறியல் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருஷங்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் பாவம். ஊரே தவித்த அந்த நாட்களில் என் தவிப்பும் ஈஸ்வரன் காதில் விழுந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் சுவரில் எழுதவில்லை. கரும்பு சீசனில் மில்லுக்கும், மற்ற நாளில் சந்தைக்கும் ஒரு பையோடு போகிறேன். எந்தத் தெரு என்று கேட்பதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைக்கிறேன். மீதியை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். முன்னெல்லாம் யாரைப் பார்த்தாலும் இவன் வாங்குவானா என்று பார்ப்பேன். இப்போது இவனுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்கிறேன். அது அம்மையப்பன் கொடுத்த கண்.

உங்களுக்கும் ஒரு நாள் எல்லா வழியும் அடைபட்ட மாதிரி இருக்கும். பரீட்சையாக இருக்கலாம், வீட்டில் கஷ்டமாக இருக்கலாம். அப்போது வெட்கப்படாமல் அவனிடம் போய் அழுங்கள். உடனே பதில் வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, நானும் கோபித்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் ஒருவன் வலியோடு கை நீட்டினால், உங்களிடம் இருப்பதில் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கையை அனுப்பியது யார் என்று பிறகு தெரியும்.