இரும்புத் துண்டுக்கு ஒரு வாக்குமூலம்

"வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டுக்குள் காலை வைப்பார். யாரிடம் கேட்கிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே ஆள் கிடையாது. இரண்டு நொடி காத்திருப்பார். பதில் வந்ததா இல்லையா என்பது அவருக்கும் லிஃப்டுக்கும் உள்ள விவகாரம். பிறகு எண்ணெய்க் குப்பியோடு உள்ளே போய், பின்னால் நிற்கும் என்னைப் பார்த்து, "வாங்க சார், வரச் சொல்லியாச்சு" என்பார். என் வீட்டுக்கு நான் போவதற்கு இப்படி ஒரு சிபாரிசு வேண்டியிருக்கிறது.

எங்கள் பதினோரு மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்து மூன்று வயது, முழங்கை வரை கிரீஸ். உலகத்தில் இத்தனை சாமிகள் இருந்தும் போதாமல், சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார். மொட்டை மாடி மோட்டார் அறையில், ஸ்விட்ச் பெட்டிக்கு மேல், அரை உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் துண்டு. அவ்வளவுதான் சாமி.

ஏழு வருடங்களுக்கு முன் கம்பிக் கயிறு அறுந்து, லிஃப்ட் அவரையும் சேர்த்துக்கொண்டு கீழே பாய்ந்தது. "பிரேக் பிடிக்கலை சார். முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். ஆறாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல டக்குனு நின்னுச்சு. பாத்தா, லிஃப்ட் ஏறி இறங்குற பக்கத்துத் தண்டவாளத்துல இது போய் மாட்டியிருக்கு. நம்ம லிஃப்ட்ல இப்படி ஒரு பார்ட்டே கிடையாது. எங்கேருந்து வந்துச்சுன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியலை." வெளியே இழுத்துப் போட்டதும் ஆளாளுக்குத் தண்ணீரை நீட்டினார்களாம். அவர் அதைக் குடிக்காமல் துண்டைக் கழுவினாராம்.

சும்மா சொல்லக் கூடாது, அடக்கமான சாமி. என் மகளின் பரீட்சைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்படி ஒருநாள் சீண்டினேன். "அதெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார். மேல போகணும், கீழ வரணும், அவ்வளவுதான்." தன் எல்லை தெரிந்த தெய்வத்தை அன்றுதான் கேள்விப்பட்டேன். காணிக்கை கேட்காது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் மட்டும் அதற்குக் கோபம் வருமாம். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கும் அதே விஷயத்துக்குத்தான் கோபம் வரும் என்பது, பாருங்கள், வெறும் தற்செயல்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. "எல்லாரும் இருக்கிற சாமியைக் கும்பிடுவாங்க. இவரு ஒண்ணைப் பண்ணிக்கிட்டு வந்து கும்பிடுறாரு" என்று என்னிடமே முறையிட்டிருக்கிறாள்.

"பண்ணலைடி. பாத்தேன்."

கிறுக்கு என்று கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு போகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரோஷக்காரர்.

இந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோட்டார் அறையைச் சோதனை போட்டார். ஒன்பதாம் மாடிக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ரப்பர் முத்திரையிலிருந்து ஓய்வு பெறாதவர். பெரிய பெரிய ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை அரைப் பக்கச் சுற்றறிக்கையில் தீர்த்துவைத்தார். 'மேற்படி பொருள்' கட்டடத்தில் கண்டெடுத்தது என்றால் சங்கத்தின் சொத்து. சனிக்கிழமை பழைய இரும்போடு போய்விடும். மெக்கானிக் தன் கையால் செய்தது என்றால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் அப்படி எழுதிய தாளைக் கமிட்டி முன்னால் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடேயப்பா, என்ன தெளிவு!

மூன்று நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னைக் காப்பாத்தினதை நானே செஞ்சேன்னு எப்படி சார் சொல்றது? சொல்லலைன்னா உலையில போட்டு உருக்கிடுவாங்க."

"ஒரு வரிதானே, வாசிச்சுட்டு வாங்களேன். என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். கிண்டல் எதுவும் இல்லை. "சொல்லிட்டுப் போங்க. அது ஒண்ணும் கோவிச்சுக்காது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். இத்தனை வருடம் கேலி செய்தவள், எடுத்துக்கொண்டு வரச் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் காலை கமிட்டி அறை. செயலாளர், இரண்டு உறுப்பினர்கள், சாட்சிக் கையெழுத்துக்கு நான். மெக்கானிக் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். இரும்புத் துண்டு சட்டைப் பையில் கனத்து, துணியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. செயலாளர் தாளை நீட்டினார்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

வலது கையில் தாளை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார், நிறுத்தினார். பிறகு இடது கையைத் தூக்கி, பிள்ளையின் காதைப் பொத்துவதுபோல் சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டு, "இது நானே செய்தது" என்று வாசித்தார்.