பட்டியலில் முதலில் நின்ற மொழி

தொண்ணூறுகளின் கடைசியில், கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் விவரங்களை எக்செலில் ஏற்றுவது என் வேலை. ஓர் எழுத்து மாறினாலும் எண்ணிக்கை ஃபார்முலா தவறிவிடும் என்று, தாய்மொழிக் கட்டத்தில் தட்டச்சு செய்யாமல் தேர்ந்தெடுக்கும் டிராப்-டவுன் பட்டியல் வைத்தேன். அதில் மலையாளம், தமிழ் என்று இரண்டே பெயர்கள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளை மலையாள வகுப்பு, தமிழ் வகுப்பு என்று பிரிப்பார்கள்.

யாராவது இரண்டும் என்று சொன்னால், அசதியில் முதலில் நின்ற மலையாளத்தைத் தட்டிவிடுவேன்.

ஒரு சாயங்காலம் மகளைச் சேர்க்க ஒரு தாய் வந்தார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன்.

“எங்கிட்ட தமிழு, அப்பங்கிட்ட மலையாளம். ரெண்டும் உண்டு சாரே.”

“ஒண்ணுதான் போட முடியும்மா.”

“சாருக்க மகனும் இந்த வருசம் இங்கதானே சேருதான்? அவனுக்கு என்ன போட்டிய?”

குத்திக் கேட்கவில்லை, யோசனைதான் கேட்டார். நான் மகனின் வரிசைக்குப் போனேன். மொழிக் கட்டம் காலியாக இருந்தது. என் மனைவி பேசுவது மலையாளம், நான் தமிழ். பிறகு பார்க்கலாம் என்று விட்டு வைத்திருந்தேன்.

அந்தத் தாயை உட்காரச் சொல்லிவிட்டு, வகுப்பு பிரிக்கிறவர்கள் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று டிராப்-டவுனில் ‘இரண்டும்’ என்று மூன்றாவதாகச் சேர்த்தேன். அவர் மகளுக்குப் போட்டேன், என் மகனுக்கும் போட்டேன்.

பிறகு பழைய வரிசைகளைத் திருத்தப் போனேன். மலையாளம் என்று தாங்களே சொன்னவர்களும், இரண்டும் என்று சொல்லியும் நான் மலையாளம் தட்டிவிட்டவர்களும் திரையில் ஒரே மாதிரி இருந்தார்கள்.