வெங்கிடாசலம் எடுத்த சாம்பிள்

மட்டாஞ்சேரி வெங்கிடாசலத்தின் பல்லை நம்பிக் கப்பல் கப்பலாகச் சரக்கு போனது என்றால் நம்ப மாட்டீர்கள். நம்பாமலே கேளுங்கள். ஜூ டவுன் பக்கம் ஒரு கிடங்கில் மிளகைக் கடித்தும் மோந்தும் தரம் பார்ப்பது அவர் வேலை. மூட்டைக்குள் ஒரே ஒரு பப்பாளி விதை கலந்திருந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மூக்கு சுருங்கும். நடுக்கடலுக்குப் போய்விட்ட கப்பலை ஒருமுறை வாசனை பிடித்தே திரும்ப வரவழைத்தார் என்பார்கள். கப்பலைப் பற்றி எனக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மூக்கைப் பற்றி இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர், வீட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தேகத்தைச் சட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுவாரா? சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னபோது, டாக்டருக்கும் லேப்காரனுக்கும் ஏற்பாடு என்றார். வேறு இரண்டு லேபில் ரத்தம் கொடுத்தார். அவையும் அதையே சொன்னதும், எல்லோரும் கூட்டு என்று தீர்மானித்தார். மனைவி சீதாலக்ஷ்மி வைத்த சாம்பாரை, சர்க்கரை போட்டிருக்கிறாளா என்று தினமும் மோந்து பார்த்தார்.

போன மழைக்காலத்தில் மனுஷர் படுத்துவிட்டார். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. குளிக்கவில்லை, கிடங்குக்குப் போகவில்லை. மிளகைக் கடித்தால் மண்ணாக இருக்கிறது என்றார். மாத்திரையைத் தொடவே இல்லை. வலது கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

புண்ணைக் கட்ட வாரந்தோறும் வீட்டுக்கு வரும் நர்ஸ் சகீலாதான் அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

“சாமி, புண்ணுக்கு நான் மருந்து வெப்பேன். மருந்தே வேண்டாம்ங்கற மனசுக்கு யாரு வெப்பா? வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு மனசு டாக்டர் வர்றாங்க. இதுலே டிக் போட்டுக் கொண்டாங்க.”

“பைத்தியம்னு எழுதி வாங்கறதுக்காக்கும்! நோக்கு எத்தனை கமிஷன்?”

“கமிஷன் கிட்டுனா, உங்க காலைப் புடிச்சுக்கிட்டு நான் ஏன் சாமி உக்காந்திருக்கேன்?”

காகிதத்தில் ஒன்பது கேள்விகள். எதிலும் ஆசை இல்லாமல் எத்தனை நாள்? தூக்கம் வராமல் எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் மூன்று மார்க் வரை. யாருக்கும் தெரியாமல் பென்சிலால் போட்டுப் பார்த்தார். பதினாறு வந்தது. பத்தைத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது. இதிலும் கலப்படம் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. யார் டிக் போட்டாலும் பைத்தியம் என்று வரும்படி பண்ணியிருப்பார்கள்!

ஒரு மூட்டையை மட்டும் பார்த்துத் தரம் சொல்கிற வழக்கம் அவர் தொழிலில் கிடையாது. பக்கத்து மூட்டைகளிலும் குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு சட்டை போட்டார். போட்ட டிக்கை அழித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போய் நாலு நகல் எடுத்தார். சாயாக்கடை பஷீரிடம் ஒன்று, கிடங்கில் எடை போடும் சுப்புராஜிடம் ஒன்று.

“தூக்கமா?” என்றார் பஷீர். “சாமீ, நான் சாயா ஆத்தறப்பவே உறங்கறேன். கண்டில்லையா?”

பஷீருக்கு மூன்று மார்க். கல்யாண வயதில் மூன்று பெண்களை வீட்டில் வைத்திருக்கும் சுப்புராஜுக்கே நாலுதான்.

மூன்றாவதை அடுப்படியில் சீதாலக்ஷ்மியிடம் கொடுத்தார். அவள் ஒரு கையால் புளியைக் கரைத்துக்கொண்டே இன்னொரு கையால் டிக் போட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

பதினெட்டு.

தன்னைப் படிய வைக்க அவளும் சகீலாவும் சேர்ந்து போட்ட நாடகம்தான் என்று முதலில் நினைத்தார். மிச்சமிருந்த நகலின் கேள்விகளைக் கத்தரித்து, முன்னும் பின்னுமாக மாற்றி ஒட்டி, மூன்று நாள் கழித்து மறுபடி கொடுத்தார். பொய் என்றால் இரண்டாம் தடவை பிசகும். பிசகவில்லை. அதே பதினெட்டு.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்.

“சீதே, இது என்னிக்கிலேர்ந்து?”

“எது?”

“ஒண்ணுலேயும் ஆசை இல்லைன்னு போட்டிருக்கையே.”

“நான் வெச்ச சாம்பாரை மோந்து பார்த்தேளே, அன்னிலேர்ந்துன்னு வெச்சுக்கோங்கோ.”

அவர் காகிதத்தை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, “வியாழக்கிழமை மனசு டாக்டர்கிட்டே ரெண்டு பேருமாப் போலாம்” என்றார்.

சீதாலக்ஷ்மி கரண்டியைக் கீழே வைத்தாள். “எதுக்கு? என்னை உள்ளே தள்ளிட்டு நீங்க நழுவறதுக்கா?”

“இல்லே. எனக்குப் பயமாக்கும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வியாழக்கிழமை எட்டு மணிக்கே போய் இரண்டு டோக்கன் வாங்கினாள்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம். வெங்கிடாசலம் கதவோடு காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. வெளியே வந்தவளின் மூக்குநுனி சிவந்திருந்தது. ஆனால் முகம், என்னமோ, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

“என்னைப் பத்தி என்ன சொன்னே?”

“எல்லாம்.”

“மாத்திரை முழுங்காததையுமா?”

“அதைத்தான் முதல்லே.”

இனி உள்ளே போய்ப் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வெங்கிடாசலம் எழுந்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். கட்டுப்போட்ட காலை மெதுவாக ஊன்றி உள்ளே போனார். டாக்டர் எதிரில் இருந்த நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.