நாற்பதாயிரம் ரூபாய் ஜாக்கெட்

பழைய பாணித் தோல் ஜாக்கெட்டுகளை ஆன்லைனில் போடுகிறவனுக்குப் பெரிய தொல்லையே வாங்க வருகிறவர்கள்தான். எதையாவது சேர்த்துவைத்து வீட்டில் ஏச்சு வாங்குகிற உங்களுக்கு இது புரியும். இந்த அருப்புக்கோட்டை வெயிலில் என் பீரோவில் ஒன்பது ஜாக்கெட் தொங்கின. ஒன்றையும் விற்க மனசில்லை. ஆனால் என்னிடம் இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதனால் யாரும் வாங்கத் துணியாத விலையாகப் போட்டுப் படம் ஏற்றிவிடுவேன்.

கை எவ்வளவு?

பந்தல்குடியிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார்.

"ஜாக்கெட்டு போட்டிருந்தீகளே தம்பி, லைனிங் உண்டா?"

"உண்டுக்கா."

"கை?"

"முழுக்கை."

"ஹூக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"ஹூக்கு இல்லக்கா, முன்னால ஜிப்பு."

சேலைக்குப் போடும் ஜாக்கெட்டைக் கேட்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இது ஆம்பிளைகள் போடுவது, விலை நாற்பதாயிரம் என்று விளக்கினேன்.

"நாப்பதாயிரத்துக்கு ஜாக்கெட்டு போடுற ஆம்பிளைய நான் ஒரு தடவ பாக்கணும் தம்பி, ஒங்க வீடு எங்கன இருக்கு?"

மயிலுக்குப் பயம்

பரளச்சி விவசாயி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். அவருடைய சோளக்காட்டில் மயில் தொல்லை. காவலுக்கு நட்ட பொம்மையின் தலைமேலேயே ஏறி உட்காருகிறதாம். பொம்மைக்கு ஆபீசர் மாதிரி ஜாக்கெட் மாட்டினால் பயப்படும் என்பது அவர் கணிப்பு. விலையைச் சொன்னேன். ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டு வெலைன்னா, ஜாக்கெட்டோட நீங்களும் வந்து நிப்பீகளா அண்ணாச்சி?"

பேரமே பேசாதவர்

போன மாசம் நான் பயந்தது நடந்துவிட்டது. ஊட்டிக்காரர் ஒருவர் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார், அதுவும் எனக்கு உயிரான கருஞ்சிவப்பு ஜாக்கெட்டுக்கு. உடனே போன் போட்டேன்.

"சார், அக்குள்ல கிழிசல் இருக்கு."

"இருக்கட்டுங்க."

"ஒரு மாதிரி வாடை அடிக்கும்."

"பழசுன்னா அடிக்கணுமுங்க."

"ஜிப்பு பாதியில நின்னுரும்."

"அடடா, அதுதானுங்க அழகு!"

குறை சொல்லச் சொல்ல அவருக்கு ஆசை கூடியது. நான் பேசி முடிப்பதற்குள் என் மனைவி ஜாக்கெட்டை அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டிவிட்டாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி பார்சல் ஆபீசுக்கு நடந்தேன். அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. மனைவி பார்த்துவிட்டாள்.

"நம்ம மகளக் கட்டிக்குடுத்து அனுப்புனப்பக்கூட நீங்க இம்புட்டு அழுகலயே!"

மிச்சமிருக்கும் எட்டுக்கும் விலையை ஒரு லட்சமாக ஏற்றிவிட்டேன், இதைப் படிக்கும் பணக்காரர்கள் கொஞ்சம் மனசாட்சியோடு நடந்துகொள்ளவும்.